நேராக வெட்டி வளைவாக வாசிப்பது

இசைத்தட்டின் மூலப்பிரதியை வெட்டும் லேத்தில், வெட்டுத்தலை விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகரும். முதல் பாட்டின் தொடக்கத்திலும் கடைசிப் பாட்டின் முடிவிலும் வெட்டும் உளி பள்ளத்தைப் பார்த்து நிற்கும் கோணம் ஒன்றேதான். வீட்டில் அதே தட்டை ஓடவிடும்போது இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஊசி ஒரு டோன்ஆர்மின் நுனியில் இருக்கிறது; ஆர்மின் மறுபக்கம் ஓரிடத்தில் அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. எனவே ஊசி தட்டின் குறுக்கே ஒரு வட்ட வில்லில்தான் போக முடியும். நேராக வெட்டியதை நாம் வளைவாக வாசிக்கிறோம்.

உயர்ரக டர்ன்டேபிள் என்றதும் பளிங்குப் பீடம், அபூர்வ மரம், வெள்ளிக் கம்பி என்று பேச்சு எங்கெங்கோ போகும். அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் அறிவியல் இந்த முரணில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிழையை முழுதாக நீக்க வழியில்லை. அதை எங்கே ஒதுக்கினால் காதுக்குக் குறைவாக எட்டும் என்று பார்த்து ஒதுக்க வழியுண்டு. கோணம், எடை, அதிர்வு, உயரம் என்று அமைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கேள்விதான் திரும்ப வருகிறது.

முதலில் அளவுகள் மனத்தில் பதிய வேண்டும். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல வினைல் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. இருபது நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 430 மீட்டர் வரும். பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று 90 பாகை கோணத்தில் சாய்ந்திருக்கின்றன. ஸ்டீரியோ தட்டில் இடது சேனல் ஒரு சுவரிலும் வலது சேனல் மற்றதிலும் பதிவாகின்றன. லண்டன் இ.எம்.ஐ.யில் பணிபுரிந்த ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. கடைகளுக்கு வர 1950-களின் இறுதி ஆகிவிட்டது.

சோதனைத் தட்டுகளில் வழக்கமாக இருக்கும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில், ஊசி நொடிக்கு 5 சென்டிமீட்டர் உச்ச வேகத்தில் அசைந்தால், நடுவிலிருந்து அது விலகும் தூரம் 8 மைக்ரான். அதைவிட 60 டெசிபெல் மெல்லிய ஒலிக்கு, பாடகர் நிறுத்திய பிறகும் அரங்கில் தங்கும் கார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள், விலகும் தூரம் 8 நானோமீட்டர். ஊதா ஒளியின் அலைநீளத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. கையால் திருகு முடுக்கி அமைக்கும் ஒரு கருவி இந்த அளவில் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

தட்டு சுழலும் வேகம் மாறாது. ஆனால் ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் மாறிக்கொண்டே போகும். விளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர். மையத்தருகே 60 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வரும்போது வெறும் 21. அதாவது 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் தாராளமாகப் படுத்திருக்கிறது. உள்ளே 21 மைக்ரானுக்குள் மடங்கிக் கிடக்கிறது. 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை ஊசியால் அந்த மடிப்புக்குள் முழுதாக இறங்க முடியாது. நீள்வட்ட ஊசியும், 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜே.வி.சி.யில் நோரியோ ஷிபாட்டா உருவாக்கிய ஊசியும் இந்த நெருக்கடிக்குப் பிறந்த விடைகள். ஷிபாட்டா ஊசி நான்கு சேனல் தட்டுகளுக்காக வந்தது. அவற்றில் 30,000 ஹெர்ட்ஸில் ஒரு சுமப்பலை இருந்தது. நான்கு சேனல் மறைந்துவிட்டது, ஊசி நிலைத்துவிட்டது.

இனி கோணம். பொருத்தப்பட்ட அச்சிலிருந்து ஊசி நுனி வரை 237 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆர்மை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குல ஆர்ம்களில் இது பரவலான நீளம். கார்ட்ரிட்ஜை, அதாவது ஆர்மின் நுனியில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியை, நேராகப் பொருத்தி, ஊசி சரியாகத் தட்டின் மையத்தைத் தொடும்படி வைத்தால், விளிம்பில் பிழை ஏறக்குறைய 18 பாகை, உள்ளே 7 பாகை. இது கேட்கத் தகாத அளவு. கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினால் சராசரிப் பிழை குறையும். ஆனால் வெளிக்கும் உள்ளுக்கும் இடையே உள்ள பத்துப் பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு அப்படியே இருக்கும். அதைக் குறைக்க ஊசியை மையத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். இந்த நீட்சிக்கு ஓவர்ஹேங் என்று பெயர். திருப்பமும் நீட்சியும் சேர்ந்தால் பிழை இரண்டே பாகைக்குள் அடங்கும். தட்டின் மேல் இரண்டு இடங்களில் அது சுத்தமாகப் பூஜ்யமாகும்.

இங்கிலாந்தில் பெர்சி வில்சன் 1924-இல் ‘தி கிராமஃபோன்’ இதழில் இந்த வடிவியலை எழுதினார். அவர் கோணப் பிழையை மட்டும் பார்த்தார். 1938-இல் ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரேன் கணக்கை ஆழமாக்கினார்: ஒரே அளவு கோணப் பிழை விளிம்பில் தருவதைவிட மையத்தருகே அதிகத் திரிபைத் தரும், ஆகவே குறைக்க வேண்டியது கோணத்தை அல்ல, கோணத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதை. 1941-இல் பேர்வால்ட் வேறு வழியில் அதே விடைக்கு வந்தார். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்க இன்று கிடைக்கும் அமைப்பு அட்டைகளில் பல இவர்களின் புள்ளிகளையே கொண்டவை: மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் பிழை பூஜ்யம்.

நாம் எடுத்துக்கொண்ட ஆர்முக்கு இதைப் போட்டுப் பார்த்தால் நீட்சி 17.5 மில்லிமீட்டர், திருப்பம் 23.2 பாகை. விளிம்பில் பிழை 1.8 பாகை, நடுவில் எதிர்த்திசையில் 1.1, கடைசிப் பள்ளத்தில் 0.8. பெரிய பிழையை இடம் தாராளமாக உள்ள விளிம்பில் வைத்து, சிறியதை நெரிசலான உள்ளே வைத்திருக்கிறார்கள். 1966-இல் ஸ்டீவன்சன் தந்த கணக்கு உள் பூஜ்யப் புள்ளியை 60.3 மில்லிமீட்டருக்கே தள்ளிவிடுகிறது. சிம்ஃபொனி உச்சமடைவது பெரும்பாலும் தட்டின் பக்கம் முடியும் இடத்தில்தான். சிம்ஃபொனிகளை மட்டுமே கேட்பவருக்கு அது நல்ல தேர்வு. எல்லாவகை இசையும் வைத்திருப்பவருக்கு நான் லோஃப்கிரேன் பக்கம்தான்.

நீட்சியில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால் என்னவாகும் என்று பாருங்கள். அதே ஆர்மில் ஊசி 1 மில்லிமீட்டர் முன்னே போய்விட்டால், கடைசிப் பள்ளத்தில் 0.8 பாகையாக இருந்த பிழை 1.7-ஐத் தாண்டுகிறது. இரண்டு மடங்குக்கு மேல். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறுகின்றன என்றால் பலரும் தட்டைக் குறை சொல்கிறார்கள். நான் முதலில் ஆர்மின் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜைப் பிடிக்கும் இரண்டு திருகுகளைப் பார்க்கச் சொல்வேன்.

அந்தத் திருகுகளுக்கு இடையே உள்ள தூரம் அரை அங்குலம். கார்ட்ரிட்ஜ் உலகில் நிலைத்த தரம் இது. பின்னால் நான்கு ஊசிமுனை இணைப்புகள்: வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது. தலைமுடி போன்ற கம்பிகளை அவற்றில் செருகும்போது விரலால் தள்ளாமல் சாமணத்தால் பிடித்துத் தள்ளுவது நல்லது. கம்பி அறுந்தால் சில ஆர்ம்களில் முழு ஒயரையும் மாற்ற வேண்டியிருக்கும். திருகுகளை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, கண்ணாடிப் பரப்புள்ள அமைப்பு அட்டையை, தட்டின் நடுத்துளை மாட்டும் ஸ்பிண்டிலில் மாட்டி, முதல் புள்ளியில் ஊசியை இறக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்வது கார்ட்ரிட்ஜின் பெட்டியைக் கோட்டுக்கு இணையாக வைப்பது. பெட்டி சும்மா ஓர் உறை. பார்க்க வேண்டியது கேன்டிலீவரை, அதாவது அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், ஊசியைத் தாங்கும் மெல்லிய குச்சியை. உருப்பெருக்கி வழியே பார்த்தால் குச்சியும் கண்ணாடியில் அதன் நிழலும் அட்டையின் கோடும் ஒன்றாகச் சேர்வது தெரியும். இரண்டாவது புள்ளிக்குப் போனால் கொஞ்சம் விலகியிருக்கும். அங்கே திருத்தினால் முதலாவது கலையும். இரண்டும் ஒத்துவரும் வரை போய்வர வேண்டியதுதான். இங்கே செலவழியும் அரைமணி நேரம், கேபிளுக்குச் செலவழிக்கும் எந்தப் பணத்தையும்விட அதிகம் தரும்.

அலஸ்டர் ராபர்ட்சன்-எய்க்மன் 1959-இல் வெளியிட்ட எஸ்.எம்.ஈ. 3009 ஆர்மில் இந்தப் போராட்டத்துக்கு ஓர் அழகான தீர்வு இருந்தது. கார்ட்ரிட்ஜை நகர்த்துவதற்குப் பதில் ஆர்மின் அடித்தளமே ஒரு தண்டவாளத்தில் முன்பின் நகரும். நேர்கோட்டிலேயே நகரும் ஆர்ம்களும் உண்டு. 1972-இல் வந்த டென்மார்க்கின் பேங் அண்ட் ஆலுஃப்சன் பியோகிராம் 4000 அவற்றில் புகழ்பெற்றது. கோணப் பிழை தீர்ந்தது. பதிலுக்கு மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றும் ஆர்மோடு வந்து சேர்ந்தன.

அடுத்தது ஊசியின் எடை, அதாவது ஊசி பள்ளத்தை அழுத்தும் அளவு. இன்றைய கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரை. குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. அது தவறு. எடை போதாதபோது உரத்த பகுதிகளில் ஊசி ஒரு சுவரிலிருந்து விடுபட்டு மறுபடி மோதும். அந்த மோதல்தான் பள்ளத்தைச் சிதைக்கிறது. சிதைந்தது திரும்பி வராது. தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வைப்பது பாதுகாப்பு. 2 கிராம் என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது சில பத்துச் சதுர மைக்ரான் பரப்பில்தான் உட்காருகிறது. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு. அளக்கும் டிஜிட்டல் தராசின் தட்டு இரும்பாக இருக்கக் கூடாது. மூவிங் காயில் என்ற வகைக் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதைப் பிடித்து இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும்.

கார்ட்ரிட்ஜைத் திருப்பி வைத்ததற்கு ஒரு விலை உண்டு. பள்ளத்தின் உராய்வு ஊசியைத் தொடுகோட்டுத் திசையில் இழுக்கிறது. ஆர்மின் அச்சு அந்தக் கோட்டில் இல்லை. ஆகவே ஆர்ம் மையத்தை நோக்கிச் சாயப் பார்க்கும். இந்த விசை ஊசியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உள்சுவர் அதிகம் அழுந்தும், வெளிச்சுவர் பிடி தளரும். இதை எதிர்க்கத்தான் நூலில் தொங்கும் சிறு எடை, சுருள்வில், காந்தம் என்று ஆன்டி-ஸ்கேட்டிங் ஏற்பாடுகள். ஆனால் உராய்வு பாட்டின் உரப்பைப் பொறுத்தும் ஊசியின் வடிவத்தைப் பொறுத்தும் மாறுகிறது. மாறும் விசையை மாறாத விசையால் முழுதாகச் சமன்செய்ய முடியாது. பள்ளமில்லாத வழவழப்பான தட்டில் ஊசியை இறக்கி, ஆர்ம் நகராமல் நிற்கும் வரை திருகுவோர் பலர். அங்கே ஊசியின் நுனி மட்டும் தொடுகிறது, சுவர்கள் தொடுவதில்லை. அந்தச் சோதனை வேறொரு உராய்வை அளக்கிறது. நன்றாகத் தெரிந்த ஒரு குரலை, பக்கத்தின் கடைசிப் பகுதியில், இரண்டு ஸ்பீக்கர்களிலும் கவனித்துக் கேட்பதே மேல். வலது சேனல் வெளிச்சுவரில் இருக்கிறது. வலதில் மட்டும் கரகரப்பு வந்தால் எதிர்விசை போதவில்லை.

எந்த ஆர்முக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் பொருந்தும் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியல் சொல்லிவிடும். கேன்டிலீவரின் ரப்பர் தாங்கி ஒரு வில். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் ஒரு நிறை. இந்த ஜோடிக்கு ஓர் இயல்பதிர்வு இருந்தே தீரும். அதை எங்கே வைப்பது? நெளிந்த தட்டின் மேடுபள்ளங்கள் பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை 20 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் வெற்றிடத்தில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், உட்கார வைக்க வேண்டும். மொத்த நிறையை கிராமிலும், ரப்பரின் நெகிழ்வை ஒரு மில்லிநியூட்டனுக்கு எத்தனை மைக்ரான் என்றும் எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் 159-ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். ஆர்ம் 11 கிராம், கார்ட்ரிட்ஜ் 6, திருகுகள் 1. நெகிழ்வு 15 என்றால் விடை 9.7 ஹெர்ட்ஸ். அருமையான பொருத்தம். அதே ஆர்மில் நெகிழ்வு 35 உள்ள பழைய கார்ட்ரிட்ஜைப் போட்டால் 6.3-க்கு இறங்கிவிடும்; நெளிந்த தட்டு ஒவ்வொன்றும் ஆர்மை ஊஞ்சலாட்டும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் நெகிழ்வைப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வார்கள். இந்தக் கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக உருவாகி இன்றும் விற்கும் டெனான் டி.எல்-103 கார்ட்ரிட்ஜை வாங்கிவிட்டுத் தாளிலுள்ள நெகிழ்வு எண்ணைப் பார்த்துப் பயப்படுவோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்மின் உயரத்தைப் பற்றி நடக்கும் சண்டைகளுக்கு நான் அவ்வளவு இடம் தரமாட்டேன். ஊசி பள்ளத்தில் 92 பாகை வாக்கில் நிற்க வேண்டும் என்பது பலரும் ஏற்ற கணக்கு. ஆனால் நம் ஆர்மில் ஒரு பாகை மாற, பின்பக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர வேண்டும். 120 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் தடிமன் வேறுபாடு சுமார் அரை மில்லிமீட்டர். அது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு. தட்டுக்குத் தட்டு உயரம் மாற்றுவதைவிட, ஆர்மைத் தட்டுக்கு இணையாக வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்கலாம்.

வேகத்தில் நம் ஊருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் பலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கிருந்து வந்த கருவிக்கு மின்மாற்றி வைத்து வோல்டேஜை மட்டும் சரிசெய்தால், தட்டு நிமிடத்துக்கு 33⅓-க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்; மிருதங்கம் தூக்கத்தில் வாசிப்பதுபோல் இருக்கும். தீர்வு, 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய புல்லி. சரிபார்க்க ஸ்ட்ரோப் தட்டு போதும். நம் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். சுற்றிலும் 180 கோடுகள் உள்ள வளையம் அசையாமல் நின்றால் வேகம் சரி. 1970-இல் டெக்னிக்ஸ் எஸ்.பி-10-இல் வந்த நேரடி மோட்டார் இயக்கம் இந்தச் சார்பைத் துண்டித்தது.

வேகம் துல்லியமாக இருந்தும் சுருதி ஆடினால், குற்றவாளி பெரும்பாலும் தட்டின் ஓட்டை. மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகிக் குத்திய தட்டில், உள்பள்ளத்தில் சுருதி மேலும் கீழும் 0.8 சதவீதம் அலையும். பியானோவின் நீண்ட ஸ்வரத்திலும் தம்பூராவிலும் இது உடனே பிடிபடும். 1980-களின் தொடக்கத்தில் நகாமிச்சி டி.எக்ஸ்-1000 தட்டின் மையத்தைத் தானே அளந்து நகர்த்தித் திருத்தியது. மற்றவர்கள் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள தளர்ச்சியில் தட்டை விரலால் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

பராமரிப்பில் எண்ணெயும் பெல்ட்டும் எளிது. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயைச் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும், இளகிய பெல்ட்டைத் தூக்கிப்போட வேண்டும். கவனம் கேட்பது ஊசி. நல்ல வைர ஊசி ஆயிரம் மணி நேரம் உழைக்கலாம். அதற்குள் அது பள்ளத்தில் ஓடும் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். ஒவ்வொரு பக்கத்துக்குப் பிறகும் சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் துடைத்தால் கேன்டிலீவர் வளையும்.

தட்டைக் கழுவும் கதையில் பெர்சி வில்சன் மறுபடி வருகிறார். வடிவியல் கட்டுரை எழுதி நாற்பது ஆண்டுகள் கழித்து, 1960-களில், பள்ளத்தில் சேரும் அழுக்கை அவர் ஆராய்ந்தார். அவருடைய வடிவமைப்பிலிருந்து கீத் மங்க்ஸ் செய்த இயந்திரம் பி.பி.சி.யின் இசைத்தட்டு நூலகத்துக்குப் போனது. திரவத்தைப் பூசித் தேய்த்த பிறகு, ஓர் ஆர்மின் நுனியிலுள்ள மெல்லிய குழாய் தட்டின் குறுக்கே நகர்ந்து ஈரத்தை அழுக்கோடு உறிஞ்சும். குழாய்க்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நைலான் நூல். ஒரு தட்டின் மண் அடுத்த தட்டைக் கீறாதபடி அந்த நூல் நகர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். விலை கட்டுப்படியாகாதவர்கள் காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி சோப்புக் கரைசலும் மென்தூரிகையும் வைத்து நிறையவே சாதிக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்த உப்பு பள்ளத்திலேயே தங்கும். கடலோர ஊர்களில் பூஞ்சை பிடித்த பழைய எல்.பி.க்களுக்குக் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். வினைல் அந்த அளவைத் தாங்கும்.

ஆனால் தாத்தா காலத்து 78 வேக நாடகப்பாட்டுத் தட்டுகளும் அதே அலமாரியில் இருந்தால் அந்தப் புட்டியை எட்ட வைத்துவிடுங்கள். அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசி அவற்றின் அகன்ற பள்ளத்தில் அடியில் உருண்டு இரைச்சலையே அதிகம் எடுக்கும். சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசி, கூடுதல் எடை, இடது வலது இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ சுவிட்ச், இவை மூன்றும் சேர்ந்தால் எண்பது வருடப் பழைய தட்டிலிருந்தும் குரல் துலக்கமாக வரும்.